பாஸ்டரும் கேள்வியும்



மலர்க்குழுவிலிருந்து "ஹாஸ்டல் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வருடா வருடம் யாராவது ஒருவர் அதைப் பற்றி எழுதிக் கொண்டுதான் இருக்கிறார்கள். சாம்பார் மாறுவதாக இல்லை! எனவே மூன்று வருடமாக எங்கள் அறையில் நடந்து வரும் ஒரு வாக்குவாதத்தைப் பற்றி எழுதுகிறேன். அது இன்னும் முடியவில்லை.

ஹாஸ்டலில் எனக்கு வைத்த பெயர் 'பாஸ்டர்'. ஆத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முதல் நாளே பெட்டியைத் திறந்ததும் துணிக்கு மேலே அம்மா வைத்திருந்த பைபிள்தான் தெரிந்தது. அந்த நிமிடமே பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது.

என் அறை நண்பனுக்கு வைத்த பெயர் 'கேள்வி'. வகுப்பில் வாத்தியார் எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று எழுந்து நிற்பான். ஊர் சேந்தமங்கலம் பக்கம். அவன் அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பரம்பரையாகக் கறுப்புச் சட்டைக் குடும்பம். 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அந்த மாநாட்டுக்குத் தன் கொள்ளுத் தாத்தா போய் வந்தவர் என்று அவன் பெருமையாகச் சொல்வான். அவர்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. நல்ல நேரம் பார்ப்பது கிடையாது. ராகு காலத்தில்தான் புது மிக்ஸியை ஓட்டிப் பார்த்தார்களாம்!

இப்படி ஒரு பாஸ்டரையும் ஒரு கேள்வியையும் ஒரே அறையில் போட்ட வார்டன் வாழ்க!

முதல் வருடம் டிசம்பர் மாதம். எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் ஆளுக்கு ஒரு நண்பனிடம் சுவிசேஷம் சொல்ல வேண்டும், சொன்னதை வந்து சாட்சியாகப் பகிர வேண்டும். கையில் ஒரு துண்டுப் பிரதியும் தந்தார்கள். அதில் நான்கு பாயிண்ட் இருந்தது. வைவாவுக்குப் படிப்பது போல நான்கையும் மனப்பாடம் செய்தேன். ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்துக் கட்டிலிலேயே ஆள் இருந்தான்.

ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. அவன் கடலை உரித்துத் தின்று கொண்டிருந்தான். நான் ஆரம்பித்தேன். நான்கு பாயிண்டையும் வரிசை பிசகாமல் சொல்லி முடித்தேன். அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது."

"சரி. நாம நாலு மாசமா ஒரே ரூம்ல இருக்கோம். எங்கம்மா பேரு என்ன, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை.

"எங்கூடச் சாப்பிடற, எங்கூடத் தூங்கற. எங்கம்மா பேரு உனக்குத் தெரியாது. ஆனா நான் செத்தா எங்க போவேன்னு மட்டும் நல்லாத் தெரியும். அப்படித்தானே?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக் கொண்டேதான் சொன்னான். ஆனால் இருட்டில் என் முகம் சுருங்கிப் போனது அவனுக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கூடுகையில் நான் சாட்சி சொல்லவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அவன் விடவில்லை. மறுநாள் அவனே ஒரு ஒப்பந்தம் போட்டான். "உன் புத்தகத்த நான் படிக்கறேன். என் புத்தகத்த நீ படி. ஒரு பக்கம் கூட விடக் கூடாது." நான் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தேன். அவன் பகத்சிங் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' புத்தகத்தைக் கொடுத்தான். நம் ஜீவா தமிழாக்கியது.

உண்மையைச் சொல்கிறேன் நண்பர்களே, அந்தச் சின்னப் புத்தகம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பகத்சிங் அதை லாகூர் சிறையில் 1930-ல் எழுதினார். 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டபோது வயது 23. நம்மில் அரியர் வைத்திருக்கும் சில அண்ணன்மார் வயது! செத்த பிறகு சொர்க்கம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. மறுபிறவி ஆசை இல்லை. அப்படியும் ஒருவர் கொள்கைக்காகச் சாகத் துணிந்தார். நாத்திகன் என்றால் பாவம் செய்ய வசதிக்காகக் கடவுளை மறுப்பவன் என்று யாரோ எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த நினைப்பு அன்றோடு போனது.

அவனும் சும்மா இருக்கவில்லை. நான்கு சுவிசேஷத்தையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தான். "இந்த மனுசன் நல்ல ஆளுடா. கோயில்ல கடை போட்டவன எல்லாம் சாட்டை எடுத்து விரட்டறாரு பாரு! எனக்கு இவரு மேல கோபம் இல்ல. இவரு பேரைச் சொல்ற உங்க மேலதான் கேள்வி இருக்கு" என்றான்.

கேள்வியும் கேட்டான். "உங்க சர்ச்சுல சாதி இல்லையா?"

நான் சரித்திரத்தைத் தூக்கி வந்தேன். "உங்க சேந்தமங்கலத்துக்கே 1623-ல ராபர்ட் தெ நொபிலி வந்திருக்காரு தெரியுமா? இத்தாலிக்காரர். தத்துவ போதகர்னு பேரு வெச்சுக்கிட்டு, தமிழ் கத்துக்கிட்டு, தமிழ்லயே புத்தகம் எழுதுனவரு. அப்புறம் சேலத்துக்கும் வந்தாரு. நானூறு வருசமா இந்த ஊர்ல எங்க பேச்சு நடந்திருக்கு!"

அவன் இரண்டு நாள் கழித்துப் பதில் கொண்டு வந்தான். "படிச்சேன் மாப்ள. அவரு பூணூல் போட்டுக்கிட்டு, பிராமண சந்நியாசி மாதிரி தனியா சமைச்சுச் சாப்பிட்டாராமே? மேல் சாதி ஆளுங்க வரணும்னு கீழ் சாதி ஆளுங்களத் தள்ளி வெச்சாராமே? நானூறு வருசம்னு பெருமையாச் சொன்னியே, இதையும் சேர்த்துச் சொல்லு."

நான் வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அது உண்மை. அந்தக் காலத்துச் சூழ்நிலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதைவிட எனக்குள் உறைத்தது வேறு ஒன்று. என் சின்ன வயதில் எங்கள் சபையில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கண்முன் வந்தது. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தேன், கவனித்ததில்லை.

இப்படிப் போய்க் கொண்டிருந்தபோதுதான் இரண்டாம் வருடம் அந்தச் சம்பவம் நடந்தது.

கேள்வியின் அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது அவருக்கே தெரியாது. ஒருநாள் பட்டறையில் பலகையிலிருந்த ஆணி செருப்பைத் துளைத்துக் கொண்டு காலில் ஏறியிருக்கிறது. மனிதர் அதோடு சாயந்திரம் வரை வேலை செய்திருக்கிறார்! வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். மஞ்சள் வைத்துக் கட்டிக் கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விட்டார். பத்து நாளில் புண் பெரிதாகி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நான் ஓடினேன். வராந்தாவில் அவன் சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தான். நான் அவனை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாப்ள, எல்லாத்துக்கும் ஒரு தேவ சித்தம் இருக்கு. ஒருவேளை இது மூலமா ஆண்டவர் உங்க குடும்பத்தோட பேசறாரோ என்னமோ..."

அவன் என் கையை எடுத்துக் கீழே விட்டான். மெதுவாகத்தான் விட்டான்.

"எங்கப்பன் விரல வெட்டி எங்கிட்டப் பேசற ஆளு எனக்கு வேண்டாம். நீயும் போயிரு."

அடுத்த பதினேழு நாள் அவன் என்னோடு பேசவில்லை. லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். நான் இங்கே காலிக் கட்டிலைப் பார்த்துக் கொண்டு படுத்திருந்தேன்.

என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எங்கள் சபையில் ரிட்டயர்ட் ஆன நர்ஸ் ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். வேலூரில் படித்தவர். அவரிடம் போய்ச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏம்பா, நோவுல நிக்கறவன்கிட்டப் போயி பிரசங்கமா பண்ணுவே? உனக்கு வாய் மட்டும்தான் இருக்கா, கை இல்லையா? போயி டீ வாங்கிக் குடுக்கத் தெரியாதா?" என்று ஒரே போடாகப் போட்டார். பிறகு உட்கார வைத்து, கொல்லிமலை பிராண்ட் குடும்பத்தின் கதையைச் சொன்னார்.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பைக் ஓட்டி, ஆகாய கங்கையில் குளித்து, போட்டோ எடுத்து வந்திருக்கிறோம். இந்தக் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற இங்கிலாந்துத் தம்பதி 1913-ல் கொல்லிமலைக்குக் குடிபோனார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், வீடு கட்டினார்கள், தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். பல வருடம் ஒருவர் கூட அவர்கள் மதத்தில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி ஒருவர் எதிர்ப்பாகவே இருந்தார். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் விஷக் காய்ச்சல் வந்து மலையில் சனங்கள் செத்தபோது, அந்தப் பூசாரியும் படுத்துவிட்டார். சொந்த ஆட்களே கிட்டப் போகப் பயந்த நேரத்தில் பிராண்ட்தான் போய்ப் பார்த்தார். சாகும்போது பூசாரி தன் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தாராம். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் அதே மலையில் இறந்தார். ஈவ்லின் அம்மா விடவில்லை. வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று மிஷன் சொன்ன பிறகும் திரும்பி வந்து, மட்டக் குதிரையில் ஏறி மலை மலையாகப் போனார். 1974-ல் இறக்கும்போது வயது 95.

அவர்கள் மகன் பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் வளரத் தொடங்கிய பிள்ளை. டிப்ளமோ படிக்கும் நாம் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இவர் டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் சில வருடம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர்! 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தி ஆபரேஷன் செய்தார். நம்ம பாஷையில், பழுதான லிங்க்கை விட்டுவிட்டு நல்ல லிங்க்கில் இணைப்புக் கொடுப்பது. அவர் கண்டு சொன்ன பெரிய உண்மை இது: தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால்தான் அடிபட்டும் சுட்டும் தேய்ந்தும் போகின்றன. வலி இல்லாதவன் பாக்கியவான் அல்ல, சென்சார் செத்துப் போன மிஷின். பிற்காலத்தில் அமெரிக்காவில் இருந்தபோது இஞ்சினியர்களை வைத்துச் செயற்கை வலி சென்சார் செய்து பார்த்தார். சரிவரவில்லை. அலாரம் தொல்லையாக இருந்தால் நோயாளி அதை ஆஃப் செய்துவிடுவானே! சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் இதே நியாயம்தான் என்றும் அவர் சொன்னார்.

"புரியுதா? உன் சிநேகிதன் அப்பாவுக்கு நீ சொல்ல வேண்டியது இதத்தான். போ" என்றார் நர்ஸ் ஆன்ட்டி.

போனேன். கேள்விக்குப் பிராக்டிகல் தேர்வு தொடங்குகிற நேரம். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு பேட்ச். "ராத்திரிக்கு நான் இருக்கறேன், நீ போயி படி" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பேசாமல் ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆறு ராத்திரி அங்கே இருந்தேன். முதல் ராத்திரி அவன் அப்பா என்னைப் பார்த்து, "வா சாமி, உக்காரு. சாப்பிட்டியா சாமி?" என்றார். கறுப்புச் சட்டைக்காரர் வாயில் வார்த்தைக்கு வார்த்தை சாமி! நம்ம பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதும் அப்படித்தானே? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

நர்ஸ் கட்டு மாற்றும்போது பேசின் பிடித்தேன். துணி அலசினேன். ராத்திரி தூக்கம் வராமல் பேசிக் கொண்டிருப்போம். பால் பிராண்ட் கதையைச் சொன்னேன். கொல்லிமலை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை ஆயிற்றே! தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும், செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொன்னேன். "டெய்லி இன்ஸ்பெக்ஷன்கிற. வண்டிக்குப் பார்க்கறம், காலுக்குப் பார்க்கல" என்றார்.

ஒரு ராத்திரி அவரே சொன்னார்: "அய்யா பெரியார் 1973 டிசம்பர் 24-ல எங்க செத்தாரு தெரியுமா சாமி? வேலூர் சி.எம்.சி.ல. கடவுள் இல்லைன்னவரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரில போயிப் படுத்தாரு. கடவுள் உண்டுன்னவங்க வைத்தியம் பார்த்தாங்க. யாரும் யாருக்கும் கொள்கைய விட்டுக் குடுக்கல. மனுசனுக்கு மனுசன் செய்யறது அதுபாட்டுக்கு நடந்துச்சு."

பிறகுதான் நான் கணக்குப் பார்த்தேன். பெரியாரும் 1879-ல் பிறந்தவர், ஈவ்லின் பிராண்டும் 1879-ல் பிறந்தவர். ஒருவர் ஈரோட்டிலிருந்து கிளம்பிக் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னார். ஒருவர் லண்டனிலிருந்து வந்து கடவுள் உண்டு என்று மலை மலையாகச் சொன்னார். இரண்டு பேருமே தொண்ணூறு வயதைத் தாண்டியும் நடையை நிறுத்தவில்லை.

தேர்வு முடிந்து வந்த கேள்வி, அப்பாவிடம் கேட்டிருக்கிறான்: "ராத்திரி எல்லாம் பாஸ்டர் என்ன பிரசங்கம் பண்ணுனான்?"

"ஒண்ணும் பண்ணுல. காலத்தான் பார்த்தான்."

அன்று சாயந்திரம் டீக்கடையில் நான் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு வராந்தாவுல நான் பேசுனது தப்பு மாப்ள. உன் அப்பாவோட வலி எனக்கு ஒரு சான்ஸாத் தெரிஞ்சுது. அதுதான் தப்பு."

அவன் டீயை ஆற்றிக் கொண்டே, "சரி, இப்பச் சொல்லு. பிரதில இருக்கறது வேண்டாம். நீ எதுக்குடா நம்பற?" என்றான்.

ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். எனக்கு நான்கு பாயிண்டும் மறந்து போயிருந்தது. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும்போது என் தங்கச்சிக்கு மூளைக் காய்ச்சல். எங்கம்மா முழங்கால்ல நின்னு ஜெபிச்சாங்க. தங்கச்சி பொழைச்சுட்டா. அடுத்த வருசம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல். அம்மா அதே மாதிரிதான் ஜெபிச்சாங்க. அது பொழைக்கல. ஏன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது மாப்ள. ஆனா அந்தக் குழந்தை செத்த ராத்திரி எங்கம்மா அந்த வீட்லதான் படுத்திருந்தாங்க. ஒரு வாரம் அங்கதான் சமைச்சாங்க. நான் நம்பற ஆண்டவரு கால் கழுவி விடற ஆளு. சிலுவையில வலியோட கிடந்த ஆளு. காரணம் சொல்றாரோ இல்லையோ, கூட வந்து உக்காருவாருன்னு நம்பறேன்."

கேள்வி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் நாள் நீ காட்டுனது கேட்லாக்கு மாப்ள. இன்னைக்குத்தான் மிஷினக் காட்டியிருக்க" என்றான்.

உடனே அவன் மனம் மாறி ஞானஸ்நானம் எடுத்தான் என்று எழுதினால் எங்கள் கூடுகையில் கைதட்டுவார்கள். அப்படி நடக்கவில்லை. டீக்காசு கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போதே அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டான்: "உங்கம்மா போயி அந்த வீட்ல படுத்தாங்க, சரி. அதுக்குக் கடவுள் எதுக்கு? எங்கம்மாவும் போயிப் படுப்பாங்க."

அது உண்மை. அவன் அம்மாவை எனக்கு இப்போது தெரியும். பேரும் தெரியும், கைப்பக்குவமும் தெரியும். நிச்சயம் போய்ப் படுப்பார். நான், "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். முன்பெல்லாம் இந்த வார்த்தை என் வாயில் வராது. சுவிசேஷம் சொல்கிறவன் தயங்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். இப்போது மரியாதையாகச் சொல்ல வருகிறது.

அவன் கேட்ட கேள்வியை நானும் சும்மா விடவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் வாலிபர் கூடுகையில் எழுந்து, "நம்ம கல்லறைத் தோட்டத்துல ஏன் ரெண்டு பக்கம்?" என்று கேட்டேன். கூட்டம் அமைதியானது. பெரியவர் ஒருவர், "காலேஜ் சகவாசம்" என்றார். பிறகு இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திக் கொண்டார்கள். நர்ஸ் ஆன்ட்டி மட்டும் வெளியே வந்து, "வாய வெச்சுக்கிட்டு இன்னைக்குத்தான் உருப்படியாப் பேசுன" என்றார். நாத்திக நண்பன் கிறிஸ்தவன் ஆகவில்லை. ஆனால் அவனால் நான் கொஞ்சம் நல்ல கிறிஸ்தவனாக ஆகியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, இன்னும் சில வாரத்தில் பைனல் செமஸ்டர். அதன் பிறகு ஓசூர், கோவை, சென்னை என்று கம்பெனி தேடிப் பிரிந்து போவோம். உங்கள் அறையிலும் ஒரு பாஸ்டரோ ஒரு கேள்வியோ இருக்கலாம். நெற்றியில் விபூதி வைத்தவனாக இருக்கலாம், ஐந்து வேளை தொழுகிறவனாக இருக்கலாம், எதுவும் வேண்டாம் என்பவனாக இருக்கலாம். நம்பிக்கையைப் பேசாமல் மறைத்து வைக்கச் சொல்லவில்லை. பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். ஆனால் முதலில் அவன் அம்மா பேரைக் கேளுங்கள். அவன் கொடுக்கும் புத்தகத்தை முழுசாகப் படியுங்கள். அவன் வலியில் நிற்கும்போது வாயை மூடிக் கொண்டு ஃபிளாஸ்க்கை வாங்குங்கள்.

கேள்வியின் அப்பா இப்போது பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிவிட்டார். தினமும் கண்ணாடி வைத்துக் கால் பார்க்கிறார். போன மாதம் போன் செய்து, "சாமி, இந்த வாரம் ஒரு சிராய்ப்பு கூட இல்ல!" என்றார்.

"ஸ்தோத்திரம்!" என்றேன் பழக்க தோஷத்தில்.

"அது உங்க ஆண்டவருக்கு. கண்ணாடிக்கு?" என்று பக்கத்திலிருந்து அவர் மகன் குரல் கேட்டது.

யோசிச்சுச் சொல்றேன் மாப்ள!

— 'பாஸ்டர்'
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்